வண்டியில் நடந்த விவாதம்

"காப்பாற்றிவிடுகிறேன்" என்று கட்சிக்காரர்களிடம் நான் சொல்லாத நாள் கிடையாது. சொன்னபடி செய்த நாட்கள்தான் குறைவு. மதுரைக் கோர்ட்டில் என் பெயர் அப்படி.

யுத்த காலத்தில் பஸ் ஓடுவதும் நிற்பதும் அதன் இஷ்டம். அதனால் ஒருநாள் டி. கல்லுப்பட்டியிலிருந்து மாட்டுவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருமங்கலம் தாண்டித் தண்ணீர் குடிக்க இறங்கிய இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. வண்டிக்காரர் முனியாண்டி என்னைத் தூக்கி வண்டியில் போட்டு மாடுகளை விரட்டினார். பாம்பு கடித்தவனைத் தூங்கவிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கோ கண் சொருகியது.

"வக்கீலய்யா, எங்க மாமனோட ஆட்டுக் கேசுல நீங்க வாயத் தெறக்காம இருந்திருந்தா செயிச்சிருப்பாரு."

கண் திறந்துகொண்டது. "ஆட்டத் தோள்ல வச்சுக்கிட்டே மாட்டுனவருய்யா உங்க மாமன்."

"நொண்டி ஆடு, எரக்கப்பட்டுத் தூக்குனாருன்னு சொல்லியிருக்கலாம்ல? இம்புட்டுப் படிச்சும் அது தோணலையே."

பசுமலை தாண்டியும் கத்திக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோதும் சாட்சியங்களை அடுக்கினேன்.

பிழைத்தது ஊசியால்தான், விழித்திருந்ததால் அல்ல என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் வழி நெடுக எனக்குச் சாவு நினைவே வரவில்லை.

மறுநாள் முனியாண்டி பார்க்க வந்தார். "மாமன் திருடுனது நெசந்தான்யா. அந்தக் கேச எவனும் செயிக்க முடியாது. வாரேன்."

என் வாதத்தை ஒருவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. படுத்தபடியே கும்பிட்டேன். யோசித்துப் பார்த்தால், "காப்பாற்றிவிடுகிறேன்" என்று வழியில் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.