பந்தக்கால் ஓட்டை

நெல்லித்தோப்பில் என் ஜவுளிக்கடைத் தளம் ஒழுகுகிறதென்று, இன்று தார்த்தாள் ஒட்டுகிறவர் வந்தார்.

மாடியில் பழைய தாளைத் தடவிப் பார்த்தார்.
"தாள்ல குத்தமில்ல மொதலாளி. யாரோ கடப்பாரயால குத்தியிருக்காங்க."

"பந்தக்கால் நட்டதுங்க. வீட்டுல எடமில்ல. பிரெஞ்சுக் கொடி எறங்கி நம்ம கொடி ஏறுன வருசம், எம் பொண்ணு கல்யாணத்துக்கு இங்கதான் பந்தல் போட்டோம்."

"பொண்ணு நல்லா இருக்குதா?"

போன ஆடியில் பிரசவத்தில் போய்விட்டாள் என்றேன். அவர் தார்ச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

தளம் முழுக்கப் புதுத்தாள் ஒட்டி, கடைசியில் அந்த ஓட்டைக்கு வந்தார்.

"அத மட்டும் உட்டுடுங்க" என்றேன்.

"மழ பெஞ்சா?"

"கீழ வாளி வெச்சுக்கறேன்."

ஐப்பசி வருகிறது. கடைக்கு வருகிற நண்பர்களே, "புதுசா ஒட்டியுமா ஒழுகுது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.