அந்தோனியாருக்கு முன்னால் போத்தல்கள்

அந்தோனியாரைக் குடிவகைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கவைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் யோசனையும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அந்தச் சிற்றாலயம் மெல்பேர்ணின் கிழக்கில், ஒரு பழைய கன்னியர் மடத்து வளவுக்குள் இருக்கிறது. ஐரோப்பாவின் மத்தியகாலக் கோதிக் கோயில்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டியது. கூர்நுனி வளைவுகள், ஒல்லியான கல்தூண்கள், சுவர் எங்கே என்று தேடும் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. வெயில் அடித்தால் உள்ளே நிற்கிறவன் நீலமாகிவிடுவான். முதல்தரம் போனபோது என் மொட்டைத் தலையில் ஒரு சிவப்பு வட்டம் விழுந்திருந்தது.

"பரிசுத்த ஆவி இறங்கியிருக்கிறார். இனியாவது திருந்துங்கோ" என்றாள் மனைவி.

அன்றுதான் அவள் நேர்த்தி வைத்தாள். அவளுடைய தம்பி வருடக்கணக்காகப் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் தொங்கிக்கொண்டிருந்தான். வேலை கொடுக்கிறவன் விசாவைப் பார்ப்பான், வீடு கொடுக்கிறவன் விசாவைப் பார்ப்பான், கலியாணம் பேசப் போனால் பெண்ணின் தகப்பனும் முகத்தைப் பார்க்க முதல் அதைத்தான் பார்ப்பார். வடக்குச் சுவர்க் கண்ணாடியில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் அந்தோனியாருக்கு முன்னால் முழந்தாளிட்டு, தம்பிக்கு நிரந்தர வதிவிடம், அந்தப் பீ.ஆர்., கிடைத்தால் உமக்கு முன்னால் வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

போன வருடம் பீ.ஆர். வந்தது. நாங்கள் இருக்கும் ஸ்பிரிங்வேலில் இருந்து மெழுகுதிரியோடு புறப்பட்டோம். நான் கோட்டும் போட்டிருந்தேன். போய் இறங்கினால் வாசலில் பலகை: திருமணங்கள், விருந்துகள், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுமதி. மடத்தை விற்றுவிட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அவற்றுக்கு முன்னால் எதை அடுக்கலாம் என்பது சட்டத்தில் இல்லைப்போலும்.

வாசலில் முன்பதிவு பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை கையில் ஐபாட்டோடு நின்றது. என் வாய் முந்திவிட்டது.

"மகளின்ர வெடிங்குக்கு ஹோல் பாக்க வந்தனாங்கள்."

எங்களுக்குப் பெண்பிள்ளையே இல்லை.

"வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி! எத்தினை பேர்?"

"ஆக்கள் குறைவுதான் பிள்ளை. ஐந்நூறு."

"நூற்றியிருபதுதான் கொள்ளும் அங்கிள்."

"அப்ப மாப்பிள்ளை வீட்டாரை வெளியில விடுவம்."

பிள்ளை சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே வடக்குச் சுவருக்குப் போய்விட்டாள். அங்கே, முன்பு முழந்தாளிட்ட அதே இடத்தில், பளபளவென்று ஒரு கவுண்டர். அந்தோனியாரின் நெற்றிவரைக்கும் போத்தல்கள். குழந்தை இயேசுவின் முகம் ஒரு பச்சை ஜின் போத்தலுக்கு ஊடாக, நெளிந்து, சீக்குப் பிள்ளையின் முகம்போலத் தெரிந்தது.

மனைவி கைப்பையில் இருந்து மெழுகுதிரியை எடுத்தாள்.

"ஐயோ அன்ரி, நெருப்பு அலவுட் இல்லை. பற்றரிக் கான்டில் இருக்கு, நல்ல கியூட்."

"பற்றரிக்கு நான் நேர்த்தி வைக்கேல்லைப் பிள்ளை. அந்தப் போத்தலுகளையாவது எடுத்துவிடும், அவற்ற முகத்தைப் பாப்பம்."

"அது டிஸ்பிளே அன்ரி. தொட ஏலாது."

என்னிடம் ஒரு பகிடி தயாராக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். இந்த நாட்டில் பொலிஸுக்கும் சொறி, என் காலை மிதித்தவனுக்கும் சொறி என்று மன்னிப்புக் கேட்டே காலம் தள்ளியவன் நான். அன்றைக்குக் கத்தினேன்.

"கோயிலுக்குள்ள சாராயம் வைக்கலாம், மெழுகுதிரி வைக்கக் கூடாதோ? ஆரிட்டக் கேட்டு வைச்சனீங்கள்?"

அந்த உயர்ந்த கூரை என் கத்தலை இரண்டு தரம் திருப்பிக் கத்தியது. நான் கவுண்டருக்குப் பின்னால் போய்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கம்பளத்தில் வைத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கோபத்தில் ஒரு பங்கு, உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் மிச்சம்.

"அங்கிள், மனேஜருக்குச் சொல்லுவன்."

"சொல்லும். அந்தோனியார் சாட்சி சொல்லுவார்."

அந்தோனியாரின் முகமும் குழந்தை இயேசுவின் முகமும் வெளித்தன. மனைவி சிலுவை அடையாளம் போட்டாள். ஆனால் முழந்தாளிடவில்லை. ஒரு முடிவுக்கு வந்தவள்போலத் திரும்பி, என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். சுற்றிப் போய், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, அதே கண்ணாடியின் வெளிப்புறத்தில் நின்றோம். வெளியில் இருந்து பார்த்தால் வண்ணமும் இல்லை, அந்தோனியாரும் இல்லை. கறுத்த கண்ணாடியும் ஈயக் கோடுகளும்தான். எனக்கு இன்னும் எரிந்தது.

"இஞ்ச ஒண்டும் தெரியேல்லையப்பா. ஆருக்குக் கொளுத்தப் போறீர்?"

"அவருக்கு முன்னால எண்டுதான் சொன்னனான். உள்ளுக்கோ வெளியிலயோ எண்டு சொல்லேல்லை. அந்தப் பிள்ளை திரும்பப் போத்தல் அடுக்க முதல் கொளுத்தவேணும். கோட்டை விரிச்சுப் பிடியுங்கோ, காத்து வருது."

சரளைக் கல்லில் முழந்தாளிட்டாள். நெருப்புக் குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கோட்டை விரித்துக்கொண்டு வயலில் நிற்கும் வெருளிபோல நின்றேன். ஒருவழியாகத் திரி பற்றியது. அவள் கண்ணை மூடிய பிறகுதான் உள்ளே முதல் போத்தலை வைக்கும் சத்தம் கேட்டது.

திரி எரிந்து முடியும்வரை நான் கோட்டை இறக்கவில்லை. மனேஜர் வரட்டும், இரண்டு கேள்வி கேட்கட்டும் என்று பதில்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.