மூன்று கிழமை விழாத பந்து

போன மாதம் வெளிநாட்டுச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது நாலு வரிச் செய்தி ஒன்று வந்தது. விளையாட்டையும் காதலையும் சேர்த்துச் சித்திரக்கதை வரைந்து பேர்பெற்ற ஜப்பானிய ஓவியர் ஒருவர், கை நோவு காரணமாக இனி வாராவாரம் வரைவதில்லை என்று அறிவித்திருக்கிறார். நான் அதை இரண்டு வரியாகக் குறைத்து, பக்கத்தின் அடியில் மிஞ்சிக் கிடந்த இடத்தில் போட்டேன். குறைப்பதுதான் என் தொழில். மற்றவர்கள் எழுதியதைக் குறைத்தே இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

செய்தியைப் போட்டு முடித்த பிறகு எனக்கு நினைவு வந்தது ஓவியரின் முகமல்ல. அதை நான் பார்த்ததே இல்லை. நினைவு வந்தது, கப்பலிலிருந்து இறங்கிய பழைய ஜப்பான் வேன் ஒன்றின் உள்மணம். ரப்பர் விரிப்பு, யாரோ புகைத்த சிகரெட், எலுமிச்சை வாசனை போட்ட ஏதோ ஒரு திரவம், இவற்றோடு ஈரம் பட்டுக் காய்ந்த கடதாசி. அந்தக் கடதாசிதான் விஷயம்.

அந்தக் காலத்தில், ஜப்பானியச் சித்திரக்கதையைக் குறிக்கும் மங்கா என்ற சொல் கொழும்பில் ஒருவர் வாயிலும் வராது. இன்று வெள்ளவத்தை ரியூஷன் பிள்ளைகள் அதைத் தொலைபேசியில் வாசித்துக்கொண்டே காலி வீதியைக் கடக்கிறார்கள். எங்களுக்கு அது வந்த வழி வேறு. மருதானைப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளுக்கு ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக எஞ்சின் துண்டுகள் வரும். பெட்டிக்குள் சாமான்கள் ஆடாமல் இருக்க, டெலிபோன் டிரெக்டரி தடிப்பில் பழைய சித்திரக்கதை இதழ்களைத் திணித்திருப்பார்கள். வேன்களின் சீற்றுக்கு அடியிலும் இரண்டொன்று கிடக்கும். வெளிறிய ரோஸ், வெளிறிய பச்சை என்று மலிவுக் கடதாசி. கடைக்காரர்கள் அதைக் கிழித்துக் கை துடைப்பார்கள்.

அப்படிக் கை துடைக்கப் போன இதழொன்றைக் கேட்டு வாங்கியவள் வதனி.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியில் இயங்கிய தமிழ் வார இதழில் உதவி ஆசிரியன். பதவி பெரிதாகத் தோன்றும். கீழ்க்கடைக்குத் தேத்தண்ணி சொல்வதும் என் வேலை, சோதிடர் பலன் அனுப்பாத கிழமைகளில் பன்னிரண்டு இராசிக்கும் பலன் எழுதுவதும் என் வேலை. மிதுனத்துக்கு நான் எப்போதும் நல்லதாகவே எழுதுவேன். அது என் இராசி.

வதனிக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், பிளாட்டின் மூன்றாம் மாடியில் தாய் தகப்பனோடு இருந்தாள். மாலை வகுப்பில் மூன்று வருடம் ஜப்பான் மொழி படித்திருந்தாள். ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எண்ணெய் விரலடையாளம் பதிந்த இதழை ஆசிரியரின் மேசையில் வைத்து, இதைத் தமிழில் தொடராகத் தருகிறேன் என்றாள். உரிமை, அனுமதி என்ற சொற்களை எங்கள் அலுவலகத்தில் யாரும் உச்சரித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கதை கரப்பந்தாட்டம், அதாவது வொலிபோல், பற்றியது. மீன்பிடி ஊரொன்றில் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பள்ளிக்கூடப் பெண். முழங்கால் உடைந்து விளையாட முடியாமல் போன ஒரு பையன். அவன் அவளுடைய ஆட்டங்களுக்குப் புள்ளி அட்டை மாற்றுகிறான். இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், அவர்கள் மட்டும் சொல்லவில்லை. இவ்வளவுதான்.

அந்த ஓவியரின் தொழில் வாழ்க்கையை நான் வதனியிடமிருந்துதான் துண்டு துண்டாக அறிந்தேன். இதழின் ஓரங்களில் ஓவியர் பொடி எழுத்தில் தன்னைப்பற்றி இரண்டு வரி எழுதுவது வழக்கம். அவள் அதையும் விடாமல் வாசிப்பாள். ஆரம்பத்தில் வேறொருவருக்கு உதவியாளாக இருந்து, வருடக்கணக்கில் வலைக் கண்களையும் பார்வையாளர் வரிசைகளையும் மட்டும் வரைந்தவர். தனியாக வரைந்த முதல் கதை குத்துச்சண்டை பற்றியது, பாதியில் நிறுத்தப்பட்டது. அடுத்தது மேசைப்பந்து. அதில் ஒரு பெண் வந்தாள், வாசகர்கள் வந்தார்கள். பிறகு நீச்சல், பிறகு கரப்பந்து. ஒரே கதையை வேறு வேறு பந்துகளால் எழுதுகிறார் என்று அந்நாட்டு விமர்சகர்கள் பகிடி பண்ணுவார்களாம். நீச்சலில் பந்து இல்லையே என்று நான் கேட்டேன். வதனி சிரிக்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெற்றிப் புள்ளி விழும் கணத்தை வரையமாட்டார். அந்த இடத்தில் மண்டபத்துக்குப் பின்னால் சொட்டும் தண்ணீர்க் குழாயை வரைவார். அல்லது வரிசையாகக் கழற்றி வைத்த சப்பாத்துகளை. அல்லது மேகத்தை. ஒரு வசனமும் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்த ஓவியர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘அவர்’ என்று எழுதிச் சமாளித்தோம்.

ஜப்பான் பக்கங்கள் வலமிருந்து இடமாக ஓடும். நமக்கு இடமிருந்து வலம். ஆகவே அச்சுக்கூடத்தில் பிலிமைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள், முழுப் பக்கமும் கண்ணாடியில் தெரிவதுபோல மாறிவிடும். ஜப்பான் எழுத்தை வெள்ளையடித்து வதனியின் தமிழை ஒட்டுவோம். இதில் இடக்கைக்காரி வலக்கைக்காரியாகிவிட்டாள். அது பரவாயில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். கரப்பந்தில் ஆட்டக்காரர் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில்தான் இடம் மாறவேண்டும், உங்கள் கதையில் எல்லோரும் எதிர்த் திசையில் சுற்றுகிறார்கள், மாணவர்கள் பிழையாகப் பழகப்போகிறார்கள் என்று.

ஆசிரியர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். “ஜப்பானில அப்பிடித்தான் சுத்துறவை எண்டு பதில் போடும் ஐசே.”

போட்டேன். ‘ஜப்பானிய மரபு சற்று வேறுபட்டது’ என்று. அச்சில் வந்தபோது உண்மைபோலவே இருந்தது.

வதனியின் வீட்டு நிலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கனடாவில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, சாதகக் குறிப்புப் பொருந்தி, மாப்பிள்ளை பகுதி நாள் கேட்டுக்கொண்டிருந்தது. வதனிக்கு டிசம்பரில் ஜப்பான் மொழிச் சோதனை. அதன் உயர் வகுப்பில் சித்தியடைந்தால் மொழிபெயர்ப்பாளராக வேலை கிடைக்கும், ஜப்பானுக்குப் படிக்கப் போகவும் வழி உண்டு. அவளுக்குத் தேவைப்பட்டது டிசம்பர் வரையான நாட்கள் மட்டும்.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது அவருக்குக் களவு எடுப்பதற்கு அடுத்தபடி. வதனி அதைப் பிடித்துக்கொண்டாள். “வாசகருக்குச் சொல்லித் தொடங்கின தொடர் அப்பா, இடையில விட்டிட்டுப் போகேலாது.” அவர் யோசித்து, “சரி, கதை முடியட்டும்” என்றாராம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் இதழை வாங்கி, அந்தப் பக்கத்தை வெட்டி, கோப்பில் போட்டு வைத்தார். கனடாவுக்கும் அதையே சொன்னார். கதை ஓடுமட்டும் அவள் இங்கே.

ஆகவே கதையை ஓட்டினாள். மருதானையில் பாரூக் நானா என்ற கடைக்காரர் அவளுக்காக இதழ்களை எடுத்துவைப்பார். ஒரு முறை நானும் கூடப் போனேன்.

“இந்தாங்க மகள், ஒங்கட ஜப்பான் பொஸ்தகம். மூணு வந்தீக்கி,” என்றார் நானா. “கதையில அந்தப் பிள்ளைக்கு இன்னம் கலியாணம் சரிவரல்லியா?”

“அதுக்கென்ன அவசரம் நானா?”

“எனக்கு அவசரமில்ல மகள். எங்க வீட்டுக்காரிக்குத்தான்.”

திரும்பி வரும் வழியில் சோதனைச்சாவடி. சிப்பாய் இதழைப் புரட்டினான். முன்னாலிருந்து பார்த்தான், பின்னாலிருந்து பார்த்தான். “மேக்க பட்டன் கன்னே கொஹெந்த?” எங்கே தொடங்குகிறது என்று சிங்களத்தில் கேட்டான். வதனி கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். வரிசை நின்றது. அவன் நாலு பக்கம் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டான்.

வேன்கள் ஒழுங்காக வரவில்லை. ஓர் அத்தியாயம் வந்தால் அடுத்த இரண்டு வராது. வதனி கைவசமுள்ளதை இழுத்தாள். மேகப்படம் ஒரு கிழமை, சப்பாத்துப் படம் ஒரு கிழமை. கதாநாயகி அடித்த சேர்வ் ஒன்று மூன்று கிழமை, அதாவது மூன்று இதழ், ஆகாயத்தில் நின்றது. ஆசிரியர் ஒவ்வொரு திங்களும் கேட்பார்: “பிள்ளை, அந்தப் பந்து விழுமோ, இல்லாட்டி ரொக்கெட்டோ?”

“விழும் சேர். காத்து எதிர்ப்பக்கம்.”

செப்டெம்பரில் வதனி ஒன்றுவிட்ட அக்காவின் கலியாணத்துக்காக ஊருக்குப் போனாள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணம் போய்வருவது சுலபமல்ல, அங்கே ஒருவரைத் தொலைபேசியில் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். போகுமுன் மூன்று கிழமைக்கான படங்களையும் எழுத்தையும் ஒரு கடித உறையில் போட்டு என்னிடம் தந்தாள். “பத்திரம் அண்ணை,” என்றாள்.

அந்தக் கிழமைதான் ரியூஷன் நிலையங்கள் முழுப்பக்க விளம்பரம் கேட்டு வந்தன. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“மற்றக் கிழமை தொடக்கம் அந்தப் பக்கம் ரியூஷன்காரருக்கு. ஜப்பான் கதையை இந்த இதழோட முடிச்சுவிடும்.”

“வதனி ஊரில நிக்கிறா சேர்.”

“முடிக்கிறதுக்கு ஜப்பான் பாஷை வேணுமே? நீர் முடியும் ஐசே.”

முடித்தேன். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. உறையிலிருந்து கதாநாயகி கடலைப் பார்த்து நிற்கும் படமொன்றை எடுத்தேன். கடைசிப் புள்ளி விழுந்தது, பையன் புள்ளி அட்டையைக் கீழே வைத்துவிட்டு முதன்முறையாக மைதானத்துக்குள் இறங்கினான், அடுத்த வசந்தத்தில் இருவரும் மணந்துகொண்டார்கள், அவள் பிறகு பந்தைத் தொடவில்லை. அடியில், நடுவில், ‘முற்றும்’. வதனியின் வீட்டு ஒப்பந்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதினேன். எழுதும்போது அது நினைவில் முன்னுக்கு வரவில்லை, வசனம் நன்றாக வந்துகொண்டிருந்தது. முடிவைப் பாராட்டி இரண்டு கடிதங்கூட வந்தன.

திங்கள் காலை தொலைபேசி அடித்தது.

“தம்பி, நான் வதனியின்ர அப்பா கதைக்கிறன். தொந்தரவுக்கு மன்னிக்கவேணும்.”

“சொல்லுங்கோ ஐயா.”

“கதை முடிஞ்சுதோ? அடியில முற்றும் எண்டு கிடக்கு.”

“ஓம் ஐயா. முடிஞ்சுது.”

“பாதியில விட்டதா இருக்கக் கூடாது. அதுதான் ஒருக்காக் கேட்டு உறுதிப்படுத்துவம் எண்டு. சரி தம்பி, நன்றி.”

அவ்வளவுதான் உரையாடல். அன்றைக்கே அவர் கனடாவுக்குக் கதைத்தார். வதனி ஊரிலிருந்து திரும்பியபோது நாள் குறித்தாகிவிட்டது. டிசம்பர் சோதனைக்கு முந்திய ஒரு நாள்.

அவள் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. உறையைக் கேட்டாள், கொடுத்தேன்.

“பக்கத்தை எடுத்தது உங்கட பிழையில்லை அண்ணை. ‘முதலாம் பாகம் முற்றும்’ எண்டு போட்டிருக்கலாமே. அப்பா அதையும் நம்பியிருப்பார்.”

“எனக்கு அது தோன்றேல்லை.”

“பன்னிரண்டு இராசிக்கும் தோன்றுது.” உறைக்குள் எத்தனை படம் என்று பார்த்து மூடினாள். “அவள் கலியாணம் கட்டேல்லை அண்ணை. இன்னும் ஒரு மட்ச்கூட முழுசா விளையாடேல்லை.”

பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கதையை ஆங்கிலத்தில் முழுதாக வாசித்தேன். நான் முற்றும் போட்ட இடம் கதையின் கால்வாசியைக்கூடத் தாண்டவில்லை. அந்தப் பெண் பெரிய நகரத்து அணியொன்றுக்குப் போகிறாள். முப்பது வயதிலும் விளையாடுகிறாள். பையன் ஊரிலேயே தங்கிவிடுகிறான். கடைசி அத்தியாயத்தில் அவன் வேறு யாரோ பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் புள்ளி அட்டை மாற்றிக்கொண்டிருக்க, அவள் வாசலில் நின்று பார்க்கிறாள். பேசினார்களா என்பதை ஓவியர் வரையவில்லை. சொட்டும் குழாயொன்றை வரைந்திருந்தார். அதன் பிறகும் அவர் இன்னும் எத்தனையோ கதை வரைந்தார், கை நோகும் வரை.

வதனி ரொறன்ரோவில் ஒரு வங்கியில் வேலை செய்வதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் பாடசாலை என்றார். இரண்டையும் நான் உறுதிப்படுத்தவில்லை.

கொட்டாஞ்சேனைக் கட்டடம் இடிக்கப்பட்டு அங்கே பிளாட் எழும்பிவிட்டது. வார இதழ் நின்று கனகாலம். கட்டிவைத்த பழைய பிரதிகள் மழைத்தண்ணீர் ஏறி ஊறிப்போனதால், என் முடிவு இப்போது ஓரிடத்திலும் இல்லை. இன்று ஒரு கதை முடிந்ததா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. பிள்ளைகள் தாங்களே விரலால் தள்ளிப் பார்த்துக்கொள்கிறார்கள். பத்திரிகையில் முற்றும் என்று இருந்தால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அதை ஒருதரம் தொலைபேசியில் உறுதிசெய்து, நன்றி சொல்லி வைக்கிற வாசகர்களும் போய்விட்டார்கள். வதனியின் அப்பா கனடாவில் காலமானார். அவருக்கு நான் கொடுத்தது பிழையான தகவல். திருத்தம் போடுவதற்கு அந்தப் பத்திரிகையும் இல்லை, அதை வெட்டிக் கோப்பில் வைக்க அவரும் இல்லை.