சந்தோஷ் வேனிலிருந்து இறங்கிய காலை

அண்ணனூரில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்த சொர்ணம், பூந்தமல்லிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியின் வேனில் ஆயாவாகச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பிள்ளையிடம் கடி வாங்கினாள். முழங்கையில் பல் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. இவள் இனிமேல் வரமாட்டாள் என்றுதான் டிரைவர் யூசுப் நினைத்தார். மறுநாள் காலை முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றாள்.

கடித்தவன் சந்தோஷ். ஆட்டிசம் உள்ள பிள்ளை. பதினைந்து வயதில் ஆள் வாட்டசாட்டமாக வளர்ந்து மீசையும் அரும்பியிருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அப்பா இராமகிருஷ்ணனுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. ஹார்ன் சத்தம் சந்தோஷுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு தன் கையைக் கடிப்பான், அகப்பட்டால் அடுத்தவர் கையையும். பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அழுத்திப் பிடித்தால் அடங்குவான் என்பதைச் சொர்ணம் போகப்போகத் தெரிந்துகொண்டாள். ஆளைப் பிடித்துப்போனால் குனிந்து தலைமுடியை முகர்ந்து பார்ப்பான். அவனுடைய வணக்கம் அதுதான்.

வேனில் ரோஷினியும் வருவாள். எட்டு வயது. எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரும். அவளுக்கான மூக்கு மருந்து சொர்ணத்தின் இடுப்புப் பையிலேயே இருக்கும்.

முதலில் வேனுக்கு இரண்டு ஆயாக்கள். கார்த்திகா கல்யாணமாகிப் போன பிறகு அவள் இடத்துக்கு ஆள் வரவில்லை. பின்கதவின் பூட்டும் கெட்டுப்போய்க் கயிற்றால் கட்டியிருந்தது. சொர்ணம் பள்ளி மேனேஜர் ராகவனிடம் போய் நின்றாள்.

"ஒருத்தியா முடியல சார். ஒண்ணுக்கு வலிப்பு வந்தா இன்னொண்ண யாரு புடிக்கிறது?"

"ஆள் தேடிக்கிட்டுதாம்மா இருக்கோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

பொங்கலுக்குக் கேட்டது. ஆடி பிறந்தும் அதே பதில்தான்.

அன்று பருத்திப்பட்டு தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் ஒரு லாரி ஒட்டி நின்றது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் விடாமல் ஹார்ன் அடித்தன. சந்தோஷ் தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். சொர்ணம் அவன் உள்ளங்கையை இறுக்கிப் பிடித்து, "இல்லடா கண்ணு, இதோ போயிடும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அப்போதுதான் முன் சீட்டில் ரோஷினியின் தலை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது.

சொர்ணம் சந்தோஷின் கையை விட்டாள். ரோஷினியின் பெல்ட்டைக் கழற்றி, தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்தைத் தேடிப் பைக்குள் கையை விட்டபோது பின்கதவு தடாலென்று திறந்தது. கயிறு அறுந்து தொங்கியது.

"பாய்! சந்தோஷு இறங்கிட்டான், புடிங்க!"

லாரி ஒட்டி நின்றதால் யூசுப்பால் தன் கதவைத் திறக்க முடியவில்லை. அடுத்த சீட்டைத் தாண்டிப் பள்ளத்தின் விளிம்பில் குதித்து அவர் ஓடுவதற்குள் பையன் வண்டிகளுக்கு நடுவே மறைந்துவிட்டான்.

மற்றப் பிள்ளைகள் அலறின. யாரோ ஒருவர் திறந்த கதவு வழியாகச் சாவிக்கொத்தை நீட்டினார்.

"இரும்பைக் கையில குடும்மா."

"அதெல்லாம் வாணாம் நைனா. காத்து வுட்டு நில்லு."

மருந்தை மூக்கில் அடித்தாள். சிறுமியின் உடம்பு தூக்கிப்போடுவது நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. தூரத்தில் ஆட்கள் கூடும் இரைச்சல் கேட்டது. "புள்ள புடிக்கிறவன்டா, வுடாத!" என்றது ஒரு குரல். பிறகு அடி விழும் சத்தம். எவனையோ அடிக்கிறார்கள் என்றுதான் சொர்ணம் முதலில் நினைத்தாள். அதன்பின் ஒரு கத்தல் வந்தது. வார்த்தை இல்லாத, நீண்ட கத்தல். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. ரோஷினியின் வாயிலிருந்து வழிந்த எச்சிலைத் துடைத்தபடி, அந்தக் கத்தல் நிற்கும்வரை அங்கேயே இருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையின் தலையை முகரக் குனிந்திருக்கிறான் சந்தோஷ். அவள் வீறிட்டாள். பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், பதில் இல்லை. போதையில் இருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். "ஸ்கூல் புள்ளய்யா, வாய் பேசாது!" என்று உள்ளே விழுந்த யூசுப்புக்கும் அடி. விலக்கிவிட்டபோது பையனின் வலது கை முறிந்து தொங்கியது; காதிலிருந்து ரத்தம் வந்தது. குழந்தைக்காரி தரையில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதே, எனக்குத் தெரியாதே" என்று அழுதாள். அடித்தவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை.

ரோஷினி பிழைத்தாள். அடுத்த வாரமே வேனுக்கு இன்னொரு ஆயா வந்தாள். கதவுக்குப் புதுப் பூட்டும் வந்தது.

"அப்போ சந்தோஷு வரலாம் இல்ல சார்?" என்று சொர்ணம் கேட்டாள்.

"அமைதியா உட்கார முடியாத பிள்ளைங்களைப் பெத்தவங்கதான் கூட்டிட்டு வரணும்னு முடிவாயிடுச்சும்மா."

பைக்கில் அவனை உட்கார வைக்க முடியாது. ஆட்டோக்காரர்கள் ஒருமுறைக்கு மேல் வரமாட்டார்கள். அத்தோடு அவன் படிப்பு நின்றது.

குவார்ட்டர்ஸுக்குப் பார்க்கப் போன சொர்ணத்திடம் அவன் அம்மா லோகநாயகி கேட்டாள்: "எம்புள்ள கைய ஏன்க்கா விட்டீங்க?"

"அந்தப் புள்ளைக்கு மூச்சே நின்னுடும் போல இருந்திச்சிம்மா."

"தெரியுது. தெரிஞ்சும் கேக்கத்தான் தோணுது."

சந்தோஷ் கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தான். சொர்ணத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதன்பின் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், லோகநாயகி கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்வரை அவனோடு இருந்துவிட்டு வந்தாள். வாசலைத் தாண்ட மறுத்த பையன் நாளாக ஆகத் தாயை அடிக்கத் தொடங்கினான். தை மாதம் அவள் பல் உடைந்தது. வேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்ததும் இராமகிருஷ்ணன் சொர்ணத்துக்குப் போன் செய்தார்.

"கார்ல ஏத்தணும். நீங்க பக்கத்துல உக்காந்தா வருவானோ என்னமோ."

டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதி வழி தூங்கினான். சொர்ணம் அவன் உள்ளங்கையைப் பிடித்திருந்தாள். விழித்த பிறகு ஒரு பஸ் காதருகே ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவன் காதைப் பொத்தவில்லை, கடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டிருந்தான். காப்பகத்து ஆட்கள் இருவர் வந்து தோளைப் பிடித்ததும் திமிறாமல் உள்ளே நடந்தான். அவன் முரண்டு பிடித்திருந்தால் தேவலை என்று சொர்ணத்துக்கு இருந்தது.

காரில் அவன் பெற்றோரோடு திரும்பும்போது பூந்தமல்லி நெருங்கியதும் லோகநாயகி கேட்டாள்: "நாளைக்கி வேனுக்குப் போவீங்களாக்கா?"

"போவணும்மா. ரோஷினி வருவா."

லோகநாயகி அவள் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா. மாத்திர மாத்திகீறாங்க. ஒரு மாசமா வலிப்பு வரல."

"சரி" என்றாள் லோகநாயகி. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.