ஒரு மூச்சுக்காக ஒரு முன்னறை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் முன்னறைத் தரையில் குப்புறப் படுத்துவிடுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு அடியில் ரசமட்டத்தைச் செருகி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். முந்தின வாரமும் அது நடுவில்தான் நின்றிருக்கும். "கட்டடம் இறங்கும் தம்பி. நமக்குத்தான் தெரியாது" என்பார். பிறகு இடது ஸ்பீக்கரை ஒரு நூல் உள்பக்கம் திருப்பிவிட்டு, அறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவரைப் போல அசையாமல் இருப்பார். நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு உண்டு. துடைப்பம் அந்தக் கோட்டைத் தொடக்கூடாது.

மேல்வீட்டில் குடியிருக்கிறவன் என்ற உரிமையில் நானும் போவேன். நிற்க அனுமதி உண்டு.

இந்த நோய் எப்படித் தொற்றியது என்று அவர் மனைவியைக் கேட்டால், "ஒரு ஸ்பேர் பார்ட் வர லேட்டாச்சு, அதான்" என்பார். ஏழு வருடத்துக்கு முன்பு ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட்டைச் சரிசெய்யப் போயிருந்தார். உதிரிப் பாகம் வர இரண்டு மணி நேரமாகும். லிஃப்ட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த டாக்டர் நல்ல மனதோடு உள்ளே வந்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். பாட்டுப் போட்டார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்குற பாட்டு தம்பி. பல்லவி எடுக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒரு மூச்சு இழுக்குறாங்க. பக்கத்துல நிக்கிற மாதிரி. அத்தனை வருஷமா அவங்க மூச்சே விடாம பாடுறாங்கன்னு நெனச்சிட்டு இருந்திருக்கேன்" என்பார் மெக்கானிக்.

அன்று மாலை லிஃப்ட் சரியாகிவிட்டது. அவர் ஆகவில்லை.

முதலில் ஒரு நல்ல இயர்போன். அதில் மூச்சு கேட்டது, ஆனால் 'தலைக்குள்ளே' கேட்டதாம். பிறகு ஸ்பீக்கர். அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர். பிறகு போனில் ஒரு ரசிகர் குழு. ஒருவர் எதை வாங்கினாலும் "இதுக்கே இப்படின்னா..." என்று மற்றவர்கள் இழுக்கும் குழு அது. அந்த மூன்று புள்ளிகளை நம்பித்தான் அவருடைய குடும்பம் முன்னறையை இழந்தது. அதற்குப் பிறகு அவர் பாட்டுக் கேட்பதில்லை. அதன் முதல் இருபது விநாடியைக் கேட்பார், எழுந்து எதையாவது நகர்த்துவார், மறுபடி அதே இருபது விநாடி. அந்தப் பாட்டுக்குச் சரணம் உண்டு என்பதை அந்த வீடு மறந்தே போயிற்று.

"பாட்டு ரெண்டு பக்கமும் விரியுதே, அந்த அகலம் தெரியுதா?" என்று என்னைக் கேட்பார். "தெரியுதுண்ணே" என்பேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். புரியாத இடத்தில் தலையாட்டுவதைக் கல்லூரியில் மூன்று வருடம் பழகியிருக்கிறேன். அகலம் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதை ஒப்புக்கொள்ள எது தடுத்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு உண்மையிலேயே காது உண்டு. லிஃப்ட்டில் ஏறினால் மூன்றாவது மாடி வருவதற்குள் எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அதையெல்லாம் அவர் கேட்பது என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அவர் மனைவி தையல்காரர். முன்னறை ஜன்னலோரம் இருந்த அவருடைய மிதி மெஷின் 'அதிர்வு' காரணமாக மூன்று வருடத்துக்கு முன்பு சமையலறைக்கு மாற்றப்பட்டது. அங்கே வெளிச்சம் ஒரு குழல்விளக்கு மட்டும். போன மாதம் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும்போது ஊசி விரலுக்குள் இறங்கியது. கட்டுப் போட்ட விரலோடு அவர் முன்னறை வாசலில் வந்து நின்ற அன்று, மெக்கானிக் புதிதாக வந்த தடித்த ஒயரை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பழைய ஒயர் எது, புது ஒயர் எதுன்னு கண்ணக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டா இந்த ரூம் உங்களுக்கே. நான் வாயத் தொறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா என் மெஷின் ஜன்னலுக்கு வந்துரும்."

"இதுக்கெல்லாம் ஒரு பரிட்சையா?" என்று சிரித்தபடி துண்டை என்னிடம் நீட்டினார். கண்ணைக் கட்டினேன். ஒயர் மாட்டும் வேலையும் எனக்கே.

பழைய ஒயரைத்தான் கழற்றித் திரும்ப மாட்டினேன். பாட்டு தொடங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

"அப்பா... சுவரே காணோம் தம்பி. பாட்டு தெரு வரைக்கும் போயிருச்சு. இது புதுசு. சந்தேகமே இல்ல."

வாசலில் இருந்து மனைவி சொன்னார்: "பாடுறவ எப்பவும் நடுவுலல்ல நிப்பா? இன்னிக்கு ஆளே இல்ல. தாளமும் செத்துக் கெடக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து மூணு வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் துண்டை அவிழ்த்தார். டார்ச்சோடு ஸ்பீக்கருக்குப் பின்னால் போனார். ஒரு பக்கம் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பை மாட்டியிருந்தேன். அப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுவில் கேட்க வேண்டிய குரல் கரைந்துபோகும். மேலே போகிற பட்டனை அமுக்கினால் கீழே போகிற லிஃப்ட் அது. அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என் தப்புண்ணே. மாத்தி மாட்டிட்டேன். இந்த ஆட்டம் செல்லாது" என்றேன். அதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைத்திருக்காது.

"கை உன்னுது தம்பி. காது யாருது?" என்றார்.

மெஷினைத் தனி ஆளாகத் தூக்கி வந்து ஜன்னலோரம் இறக்கினார். யாரும் கேட்காமலே ரசமட்டத்தை அதன் பலகைமேல் வைத்தார். ஸ்பீக்கருக்கு அடியிலிருந்த ரப்பர் பாதங்களை உருவி, மெஷினின் கால்களுக்குக் கொடுத்தார். "மிதி" என்றார். மனைவி மிதித்தார். இவர் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார்.

"நிறுத்து. கீழ்ச் சக்கரம் உரசுது. எத்தனை நாளா?"

"சமையக்கட்டுக்குப் போனதுலேர்ந்து."

அவர் எழுந்துபோய் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்தார். எண்ணெய் விட்டார், இன்னொரு முறை மிதிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மெஷினின் நான்கு கால்களைச் சுற்றியும் கோடு போட்டார்.