மருமகனுக்காகத் தளர்ந்த கேபிள்

எங்கள் வாப்பாவின் காருக்கு கியரே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது. பொய். கியர் இருந்தது. கையால் மாற்றத் தேவையில்லை, அவ்வளவுதான். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. பொம்பிளை காரைப் பற்றிக் கதைத்தால் யார் கேட்பது. இப்போது எனக்கு வயது போய்விட்டது. இனி என் வாயை மூட வைக்க வீட்டில் பெரியவர்கள் எவரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வாப்பா வயல்காரர். மாட்டு வண்டி ஒன்று குடைசாய்ந்து அவருடைய இடது கால் மடங்காமல் போயிற்று. அந்தக் காலால் கிளச் மிதிக்க முடியாது. ஆனால் சாரதி வைத்து ஓட்டவும் மனமில்லை. அதனால் ஐம்பதுகளின் கடைசியில் கொழும்புக்குப் போய், கிளச் இல்லாத பெரிய கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். விற்றவர் வேறு எதையும் பெரிதாகச் சொல்லவில்லையாம். ஒரு கேபிளைக் காட்டி, இதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் திருப்பிச் சொன்னாராம்.

சைக்கிள் பிரேக்கில் இருக்குமே, உறைக்குள் ஓடுகிற கம்பி, அது மாதிரித்தான் அந்தக் கேபிளும். ஒரு முனை மேலே காபுரேட்டரில். மறுமுனை கீழே கியர்பொக்ஸில். எக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடும், அதே மிதியில் இந்தக் கம்பியும் இழுபடும். கியர்பொக்ஸுக்குக் கண்ணில்லை. காரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மணலில் ஏறுகிறதா, தார் ரோட்டில் ஓடுகிறதா, ஒன்றும் அதற்குத் தெரியாது. கம்பி எவ்வளவு இழுபடுகிறது என்பதை வைத்துத்தான் அது நிலைமையை அறிகிறது. நன்றாக இழுபட்டால் உள்ளே எண்ணெயின் அமுக்கம் கூடி, எஞ்சின் பலத்தைச் சில்லுக்குக் கொடுக்கிற தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். சின்னக் கியரைக் கைவிடாமல் வைத்திருந்து, வேகம் வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போகும். கம்பி தளர்ந்து கிடந்தால், நீங்கள் காலை அடிவரைக்கும் மிதித்தாலும் அது மெல்லத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். அமுக்கம் குறையும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறிக் கருகும். கம்பி கூட இறுகினால் கியர் பிந்தி மாறும், மாறும்போது ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டு உடம்புக்குத்தான் சங்கடம், காருக்கு இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வாப்பா பலகை போட்டுக் காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். நான் சாரதி இருக்கையில் உட்கார்ந்து, அவர் சொல்கிறபோது எக்சிலேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும், சொல்கிறபோது விட வேண்டும். மேலே முழுசாகத் திறக்கிறபோது கீழேயும் முழுசாக இழுபட வேண்டும். விடுகிறபோது தொய்வு இருக்கக்கூடாது. எஞ்சினை நிறுத்தி வைத்துச் செய்கிற வேலை என்பதால் இரண்டு பேருக்கும் கதைக்க நேரம் இருந்தது. நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியிருந்தேன். கலியாணம் முடிந்தாலும் டீச்சராகலாம் என்று வாப்பா வாக்குக் கொடுத்ததும் அந்தக் காருக்கு அடியில் கிடந்துதான்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். எனக்கு வந்தவர் மருதமுனையில் தறி போட்டிருந்த குடும்பம். கலியாணத்தன்று அவரை அழைத்து வர அந்தக் கார்தான் போனது, ஓட்டியது வாப்பா. பாரம் அதிகம் என்று அன்றைக்குக் கேபிளை ஒரு பொட்டு இறுக்கி வைத்திருந்தார். எங்கள் வளவுக்குள் ஏறுகிற மணல் மேட்டில் கியர் மாறிய வெட்டில் மாப்பிள்ளையின் துருக்கித் தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. வேலியில் நின்ற சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வினையாய் வந்தது.

கலியாணம் முடிந்த சில நாளில் அவர் பொனட்டைத் திறந்தார். கேபிளைச் சுண்டிப் பார்த்தார். தறிக்காரர் கை அல்லவா, பாவு இறுகினால் நூல் அறும் என்று பழகிய கை. "இது கூட இறுகிக் கிடக்கு. அதான் வெட்டுது" என்று சொல்லி, நட்டைத் திருகித் தாராளமாகத் தளர்த்திவிட்டார். கார் வெண்ணெய் மாதிரிப் போயிற்று. ஒரு குலுக்கல் இல்லை. உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்பிள்ளைட கை பட்டோன்ன காரு பஞ்சு மாதிரிப் போகுது" என்று அயலெல்லாம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே வாப்பாவிடம் போனேன்.

"வாப்பா, கேபிள் தளந்து கிடக்கு. அவருக்குச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதா மகள்? புதுசா வந்த மருமகன்ட, நீங்க செஞ்சது பிழை எண்டு எப்பிடிச் சொல்ற? கொஞ்ச நாள் போகட்டும்."

"அப்ப ஆருக்கும் தெரியாம நீங்களே இறுக்கி உடுங்க."

"திரும்ப வெட்டினா அவருக்கு விளங்கிரும். மனம் நோகும்."

மருமகனின் மனம். அந்த வீட்டில் அரிசி உலையில் போடுவதற்கு முன்னாலும் அதைத்தான் கேட்டார்கள். நான் விடவில்லை, அவரிடமே நேராகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "உங்கட வாப்பா ஒண்டும் சொல்லல்லயே. பிழையெண்டாச் சொல்லாமலா இருப்பார்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரின் சொந்தக்காரன் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தால் வந்தவர் என்ன செய்வார்.

ஒரு மாதம் போய், ஆசிரியப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்கு மட்டக்களப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் அங்கே கல்விக் கந்தோருக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் போவோம் என்று நான் கெஞ்சினேன். புது மாப்பிள்ளை இருக்க, வாசலில் கார் இருக்க, பஸ்ஸில் போனால் ஊர் என்ன சொல்லும் என்றார் உம்மா. மட்டக்களப்பில் இருக்கிற சொந்தக்காரருக்கு என்று ஒரு மூட்டை அரிசியும் தேங்காயும் ஏற்றினார். மாப்பிள்ளை ஓட்டினார், பக்கத்தில் வாப்பா. பின்னால் திரைச்சீலைக்குள் உம்மாவும் நானும்.

மருதமுனை கடந்து கொஞ்சத் தூரத்தில் மதகு ஒன்றை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கார்கள் பக்கத்து மணலில் இறங்கி ஏற வேண்டும். இறங்கிவிட்டோம். ஏறவில்லை. எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. அவர் இன்னும் மிதித்தார்.

"மிதிக்காதீங்க, காலை எடுங்க" என்றேன்.

உம்மா என் தொடையைக் கிள்ளினார். வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கருகல் மணம் வந்தது. பிறகு எஞ்சின் ஓடினாலும் கார் ஒன்றுக்கும் அசையவில்லை. தட்டுகள் போய்விட்டன என்று எனக்குத் தெரிந்தது. முன்னால் இருந்த வாப்பாவுக்கும் தெரியும்.

மட்டக்களப்பு பஸ் எங்களுக்கு முந்தியே போயிருந்தது. அந்த ரோட்டில் வேறு கார் வரவில்லை. இரண்டு ஆண்களும் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியேட்டரைப் பார்த்தார்கள். பிழை இருக்கிற இடத்தை விட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டு வந்தது. அங்கே கந்தோரில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பொறுக்கவில்லை. திரையை விலக்கி இறங்கிப் போய், கேபிளைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். விரலோடு வந்தது, அவ்வளவு தொய்வு. மதகு கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டு எங்களையே பார்த்தார்கள்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "மாமா, நான் தளத்தினதாலயா இப்பிடி?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அந்த நேரம் ஒரு 'ஓம்' போதும்.

"சே, அப்பிடியொண்டுமில்ல மருமகன். பழைய காருதானே" என்றார் வாப்பா. பிறகு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கம்பியைப் பார்க்கவில்லை. "முக்காட்டப் போடு மகள். ஆக்கள் பாக்கிறாங்க."

ட்ரக்டர் கட்டிக் காரை வீட்டுக்கு இழுத்து வந்தோம். நேர்முகப் பரீட்சைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. உனக்கு நசீபு இல்லை என்று உம்மா ஆறுதல் சொன்னார். அல்லாஹ் எழுதியதன் மேல் பழியைப் போடுவது எவ்வளவு லேசு. அந்த நட்டைத் திருகியது அல்லாஹ்வா?

அடுத்த நாள் காலையில் வாப்பா பலகையைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். கருகிய கியர்பொக்ஸுக்குக் கேபிளை இறுக்கி என்ன பிரயோசனம். என்னிடம் நேராகக் கதைக்க முகமில்லாமல் அங்கே போய்ப் படுத்தாரோ என்னவோ.

"மகள், வந்து கொஞ்சம் மிதி" என்று குரல் கொடுத்தார்.

நான் குசினி வாசலில் நின்றேன். "உங்கட மருமகன மிதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டுப் போய்ச் சாரதி இருக்கையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வாப்பா படுத்தபடியே சொல்லத் தொடங்கினார். கம்பி ஏன் இழுபட வேண்டும், தளர்ந்தால் என்ன கருகும், இறுகினால் ஏன் வெட்டும், எனக்குச் சொன்ன அதே சொற்களில், ஒன்றும் விடாமல். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு இடத்திலும் மனம் நோகவில்லை. அதை ஒரு மாதம் முந்திச் சொல்லியிருந்தால் நான் டீச்சர்.