நாலு பக்கப் புகாரோடு குன்றக்குடிச் சாலை வரை

சென்ற கார்த்திகையில், மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாகக் குன்றக்குடிப் பக்கம் போய்வந்தேன். மலைமேல் முருகனைப் பார்க்கப் போகவில்லை. செட்டிநாட்டு வீடுகளை அண்ணாந்து பார்க்கவும் போகவில்லை. ஞானமுத்து என்பவனிடம் ஒரு நியாயம் கேட்கப் போனேன்.

ஞானமுத்துவும் நானும் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். பிறகு ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். பதினொரு வருடத்துக்கு முன், ஒரு பதவி விஷயத்தில், அவன் எனக்கு ஒரு தீங்கு செய்தான். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். சில வருடம் கழித்து அவன் வேலையை விட்டு, மிஷனரியாகி, நரிக்குறவர்களோடு வாழப் போய்விட்டான். நான் அதற்கு முன்பே தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். வீட்டு ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வரும். அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

ஐப்பசியில் அவனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று மட்டும் எழுதியிருந்தான். நான் பதிலாக என் புகாரை முழுத்தாளில் நாலு பக்கம் எழுதினேன். தபாலில் அனுப்பினால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியதால், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

மதுரையில் காலை 6.15க்குப் பேருந்து. திருப்பத்தூர் முப்பத்தொன்பது மைல், கட்டணம் இரண்டு ரூபாய் பத்து காசு. எட்டரைக்குப் போய்ச் சேரும் என்றார்கள். ஒன்பதே கால் ஆனது. மேலூரில் நடத்துனர் டீ குடிக்க இறங்கியவர், இரண்டாவது டீயும் குடித்துவிட்டுத்தான் ஏறினார். அவரையும் நான் மறக்கப் போவதில்லை. திருப்பத்தூரிலிருந்து குன்றக்குடி போகும் டவுன் பஸ்ஸில் ஆறாவது மைலில் இறங்க வேண்டும், முப்பத்தைந்து காசு. அங்கிருந்து கண்மாய்க் கரை வழியே கால் மணி நேர நடை. கண்மாய் நிறைந்து கிடந்தது. அவ்வளவு கோபத்திலும் அந்தத் தண்ணீரைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கரையின் கோடியில் முப்பது கூடாரங்கள். ஞானமுத்துவின் ஓலைக் குடிசை அவற்றுக்குச் சற்றுத் தள்ளி. என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வாப்பா. நல்ல நாளாப் பாத்து வந்திருக்க. இன்னைக்கி எனக்குப் பஞ்சாயத்து.”

அவன் பஞ்சாயத்துப் பண்ணப் போகிறான் என்று நினைத்தேன். இல்லை, அவன்தான் குற்றவாளி. நரிக்குறவர்களின் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சாமி மூட்டை உண்டு. குலதெய்வத்தின் துணிகளும் வெள்ளித் தகடும் அதற்குள் இருக்கும். உரியவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. போன வாரம் பெருமழையில் மாணிக்கம் என்பவரின் கூடாரம் சரிந்துவிட்டது. அவர் ஊரில் இல்லை. மூட்டை நனைகிறதே என்று ஞானமுத்து அதைத் தூக்கிக்கொண்டு தன் குடிசைக்கு ஓடியிருக்கிறான். காப்பாற்றிவிட்டதாக மகிழ்ந்தும் இருக்கிறான். ஏழு வருடம் இவர்களோடு இருந்தவன் செய்கிற காரியமா? எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

வேப்பமரத்தடியில் கூட்டம். தலைவர் ராஜமணிக்கு என் வயதுதான் இருக்கும். இந்தக் கூட்டத்தாருக்கென்று ஒரு முறை இருக்கிறது. குறை சொல்பவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எதிராளி பதில் சொல்லக்கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். குறை சொன்னவர் ‘அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார்கள். அதன் பிறகுதான் தண்டனை. இன்னொன்றும் உண்டு. தீர்ந்த வழக்கை மறுபடி எங்கேயாவது எடுத்துப் பேசினால், பேசியவர் கூட்டம் முழுவதற்கும் டீ வாங்கித்தர வேண்டும்.

மாணிக்கம் சொன்னார். ஞானமுத்து கைகட்டி நின்று, தான் தீட்டாக்கியதை, அவருடைய அம்மா வயிறெரிந்து அழுததை, எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான். நனைந்துவிடுமே என்ற சொல் அவன் வாயில் வரவேயில்லை. மூட்டை இருந்த இடத்தைக் கழுவக் கண்மாயிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பு. கிறிஸ்தவ ஊழியக்காரன் அவர்கள் சாமிக்குத் தண்ணீர் சுமப்பதா, உன்னை அனுப்பியவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று காதோரம் கேட்டேன்.

“கேப்பாக. கேட்டதத் திருப்பிச் சொல்லுவேன்” என்றான்.

ஏழு வருடத்தில் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்றும் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். ஒருவருக்கும் இல்லை என்றான், மழை பெய்ததா என்பதற்குப் பதில் சொல்வதுபோல.

கூட்டம் கலையவில்லை. வேறு வழக்கு உண்டா என்று ராஜமணி கேட்டார். பாசி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஊசியை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னாள்: “இந்தச் சாமி வந்ததுலருந்து சட்டப் பையவே தடவிக்கிட்டு இருக்காக. உள்ள தேளு எதுவும் கெடக்கா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எழுந்து நாலு பக்கத்தையும் விரித்தேன்.

“தாள மடிச்சு வைங்க சாமி” என்றார் ராஜமணி. “வாயில வர்றதுதான் வழக்கு.”

மடித்தேன். பேச ஆரம்பித்தேன். பதினொரு வருடமாக வளர்த்த வழக்கு மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நாலாவது வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நின்றேன், கிடைக்கவில்லை.

ஞானமுத்து எழுந்தான். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, “அப்ப எனக்கிருந்த நிலைமையில” என்றான். ராஜமணி கையை உயர்த்தினார்.

“அது உங்க கதை. அவுக சொன்னத மட்டும் சொல்லுங்க.”

மறுபடி சொன்னான். முக்கியமான ஒன்றை விட்டுவிட்டான். நான் இல்லை என்றேன். மூன்றாவது தடவை நிதானமாக, என் கண்ணைப் பார்த்து, நான் சொன்ன மூன்று வாக்கியத்தையும் சொன்னான். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. இரண்டாவது வாக்கியத்தின் தலையில் நான் போட்டிருந்த ‘ஆகவே’யைக்கூட விடவில்லை. கூடாரத்து ஜனம் அந்த ‘ஆகவே’க்குச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும். சிரித்துக்கொண்டே ‘அதுதான்’ என்றேன். 

அவனுக்குத் தண்டனை, இன்னும் எட்டுக் குடம். பதினாறு குடம் எங்கள் வயதில் அவன் தனியாக எப்படிச் சுமப்பான்? நான் பாதியைச் சுமந்தேன். மாணிக்கம் தன் கூடாரத்திலிருந்து சோறும் காடைக் குழம்பும் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் வைத்தார்.

கிளம்பும்போது அந்தப் பாசிக்காரப் பெண்ணிடம் என் மனைவிக்கு ஒரு மாலை வாங்கினேன். பொட்டலம் கட்டத் தாள் இருக்கிறதா என்று கேட்டாள். நாலு பக்கத்தையும் கொடுத்தேன். வீட்டில் மனைவி மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அது மனப்பாடம்.

திரும்பும் பேருந்து மாலை 4.40க்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன். வழக்கமாக வாயை மூடும் இடம் வந்தது, மூடவில்லை. சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில், குன்றக்குடியில் காவடி செலுத்திவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர் திரும்பிப் பார்த்து, “நல்லாச் சொல்லுங்க” என்றார். பதினொரு வருடம் கடவுள் என் பக்கம் வரவில்லை என்று நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் வேப்பமரத்தடியில் அவர் என் அருகில்தான் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யாருடைய சாமி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு வேண்டாம், கூட்டத்தார் காரைக்குடிச் சந்துகளில் பாசி விற்கப் போய்விடுவார்கள். பழைய துணி கொண்டுபோய் நீட்டாதீர்கள். பாசி கோக்கும் நைலான் நூல் இரண்டு உருண்டை கொண்டுபோனால் மகிழ்வார்கள். கூடாரத்துக்குள் எதையும், நல்ல எண்ணத்தோடுகூட, தொடாதீர்கள். செருப்பு பழையதாக இருக்கட்டும், கரை சேறு.

என்னை அறிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய விஷயத்தை இனி என்னிடம் கேட்காதீர்கள். அங்கே நூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் டீயில் சர்க்கரை தூக்கலாக வேண்டும்.